பாலக்கோட்டிலிருந்து உளவியல் படிக்க எந்தப் பக்கம் பஸ் ஏறுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே, தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். 600-க்கு 468. காமர்ஸ் குரூப், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். "சித்தி, நான் சைக்காலஜி படிக்கப் போறேன்" என்றாள். பின்னாலிருந்து அவள் அப்பாவின், அதாவது என் மாமாவின் குரல்: "அதைப் படிச்சா பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர் ஆவாளான்னு உன் சித்திகிட்டயே கேளு." தக்காளி மண்டியில் ஏலம் கேட்டுப் பழகிய குரல். ஸ்பீக்கர் போடாமலே கேட்டது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் படிப்பைப் படித்தவள் நான் ஒருத்திதான். பதினாறு வருடத்துக்கு முன்னால் பி.எஸ்ஸி. உளவியல் முடித்தேன். மேலே படிக்கவில்லை. இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை. அதனால் என்னை இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு நான் படித்தவள், மாமாவுக்கு நான் படித்தும் டாக்டர் ஆகாதவள்.

மாமா கேட்டது தப்பான கேள்வி இல்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த ஊரில் படிப்பது, எவ்வளவு செலவு செய்வது எல்லாமே இதில்தான் நிற்கிறது. மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. படித்தவர், உளவியல் பட்டத்தின் வழியாக அந்த நாற்காலிக்குப் போக முடியாது. பேச்சு வழியாகவும் சோதனைகள் வழியாகவும் சிகிச்சை தருகிறவர் மருத்துவ உளவியலாளர். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். இளநிலை மூன்று வருடம், முதுநிலை இரண்டு, அதன்மேல் எம்.ஃபில். இரண்டு என்பதுதான் இத்தனை நாள் இருந்த பாதை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் வரையறுக்கிறது. முதுநிலையில் 55 சதவீதம் இல்லாமல் அந்த எம்.ஃபில். வாசலில் நிற்கவே முடியாது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இதற்குள் புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். என்பதையே நாட்டில் எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு துறைக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 வரை பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., விட்டுவைத்தது. எனவே என் அக்கா மகள் அந்தப் படியை எட்டும்போது அதன் பெயர் சை.டி. (உளவியலில் ஒரு முனைவர் பட்டம்) என்றோ வேறாகவோ இருக்கும். பெயர் எதுவானாலும் படிகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை.

ஆக, வெறும் பி.எஸ்ஸி. உளவியலை வைத்து யாரும் கிளினிக் போர்டு மாட்ட முடியாது. அதை வைத்து என்ன கிடைக்கும் என்றால், நான் கிடைப்பேன். ஆள் எடுக்கிற வேலை, பயிற்சி, தொண்டு நிறுவனம், அப்புறம் எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள். உளவியல் இளநிலையோடு பி.எட். போகலாம் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளிப் பாடமாக இல்லாத பாடம் இது, பி.எட்.டுக்கு முதுநிலை கேட்பார்கள்.

இதை வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்கான, முடிந்தால் ஏழு வருடத்துக்கான பணத்தோடு யோசிக்க வேண்டும். முதல் மூன்று வருடத்திலேயே வீட்டுச் சேமிப்பைக் கரைத்துவிட்டால் நான் நின்ற இடத்தில் அவளும் நிற்பாள். நான் மேலே படிக்காததற்குக் காரணம் மார்க்கு இல்லை. தம்பிக்கு பாலிடெக்னிக் சேர்க்கும் வருடமும் எனக்கு எம்.எஸ்ஸி. விண்ணப்பம் போடும் வருடமும் ஒன்றாகிப்போனதுதான்.

இப்போது ஊர்களுக்கு வருவோம். பாலக்கோட்டுக்காரர்களுக்கு இரண்டு திசை. தெற்கே தர்மபுரி, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம், அதைத் தாண்டி கோவை. வடக்கே ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூரு. ரயிலும் அதே பாதையில்தான் போகிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த ரயிலும் கிடையாது, ஆனால் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டரில் பெங்களூரு. அதனால்தானோ என்னவோ, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் முதலில் வடக்கே பார்க்கிறார்கள், தர்மபுரிப் பிள்ளைகள் தெற்கே பார்க்கிறார்கள்.

பெங்களூரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவள் மனதில் இருந்தது அதுதான். நம் ஓசூர் பெயரையே சுமக்கிற ஓசூர் ரோட்டில்தான் கிரைஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் அதே ரோட்டில் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிமான்ஸும் இருக்கிறது. "நிமான்ஸ் பக்கத்துலயே படிக்கலாம் சித்தி" என்றாள். இந்த வாதத்தை ஓசூரில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். நிமான்ஸ் பெரிய இடம் என்பதில் சந்தேகமே இல்லை. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974-இல் ஒன்றாகி உருவானது அது; 2012-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. ஆனால் உளவியலில் அதன் பெயர் முதுநிலைக்கு மேற்பட்ட படிப்புகளால் வந்தது. பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிற பெண்ணுக்கு அந்த மதில் சுவர் தெரியும், அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து உள்ளே போவதற்கு இன்றைக்கே பக்கத்தில் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

பெங்களூரின் பலம் வேறு. வகுப்பில் நாலு மாநிலத்துப் பிள்ளைகள், நல்ல நூலகங்கள், ஆங்கிலம் தானாக ஏறும், விடுமுறையில் தொண்டு நிறுவனங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பயிற்சிக்குப் போக இடம் நிறைய. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் அங்கே இரண்டு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒன்று, பாடத்தின் அமைப்பு. கர்நாடக அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருகிற கல்லூரிகளில் பி.ஏ. என்றால் உளவியலோடு சமூகவியல், பொருளியல், இதழியல் என்று மூன்று முதன்மைப் பாடங்கள் சேர்ந்து வருவது வழக்கம். அகலம் கிடைக்கும், ஆழம் கொஞ்சம் குறையும். தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. உளவியல் என்றால் உளவியல்தான் முதன்மை, மற்றவை துணைப் பாடம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நாலு வருட ஹானர்ஸும் வந்துவிட்டது. ஒரு வருடக் கட்டணம் கூடும் என்பதை ஒரு வருடப் பெருமை என்று படித்துவிடக் கூடாது.

இரண்டாவது கணக்கு பணம். பெயர் பெற்ற இடங்களில் வருடக் கட்டணமே லட்சத்தைத் தாண்டும். அதன்மேல் பேயிங் கெஸ்ட் விடுதி. ஓசூரில் வீடு இருந்தால் அத்திப்பள்ளி வழியாக தினம் போய் வரலாம், என் தொழிற்சாலையில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் போகிறார்கள்; எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் நெரிசலில் நின்றபடி அவர்கள் படித்த பக்கங்கள் அதிகம். பாலக்கோட்டிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ அது நடக்காது. இன்னொன்றை மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன்: அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் நம் சாதிச் சான்றிதழுக்கு இங்கே இருக்கிற மதிப்பு அங்கே இல்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு எல்லையோடு நின்றுவிடும். அங்கே அவள் வெளிமாநிலத்து மாணவி.

"அப்போ சேலம்" என்றார் மாமா. அவருக்குத் தொப்பூர் இறங்கினாலே சொந்த ஊர் மாதிரி. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997-இல் தொடங்கியது, சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டமும் அதன் கீழ்தான். அங்கே உளவியல் துறையும் இருக்கிறது, முதுநிலை படிக்கலாம். இளநிலை என்றால் சேலத்துத் தனியார் கல்லூரிகளில் சில. கட்டணம் சில பத்தாயிரங்களில் இருக்கும். தர்மபுரி டவுனிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர், தினமும் போய் வருகிறவர்கள் உண்டு. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வந்து, அங்கிருந்து சேலம் போய், அங்கிருந்து கல்லூரி பஸ் என்றால் ஒரு நாளில் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய்விடும். மகளிருக்கு டிக்கெட் இல்லை என்பது டவுன் பஸ்ஸுக்குத்தான், சேலம் பஸ்ஸுக்கு இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆக சேலமும் விடுதிதான். விடுதி என்று ஆனபிறகு சேலம் என்ன, கோவை என்ன?

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உளவியலை மற்ற கலைப் பாடங்களைப் போலக் கைடு வாங்கிப் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். இது ஆய்வகம் உள்ள பாடம். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வகத்தைத் திறந்ததைத்தான் இந்தத் துறையின் பிறப்பு என்று முதல் வாரத்திலேயே எழுதவைப்பார்கள். நான் படித்த கல்லூரியிலும் எழுதவைத்தார்கள். ஆனால் எங்கள் ஆய்வகக் கருவிகள் ஒரு பச்சைப் பீரோவில் இருந்தன, பீரோவின் சாவி நீண்ட விடுப்பில் போன ஒரு ஆசிரியையிடம் இருந்தது. ஒன்றரை வருடம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எங்கள் ரெக்கார்டை எழுதினோம். யாருடைய மனதின் எதிர்வினை நேரத்தையோ என்னுடையது என்று எழுதி, அதற்கு மார்க்கும் வாங்கினேன்.

நாலாவது செமஸ்டரில் புதிதாக ஒரு ஆசிரியர் வந்து பூட்டை உடைத்தார். உள்ளே இருந்ததில் எனக்கு இன்றும் மறக்காதது கண்ணாடி பார்த்து வரைகிற கருவி. ஒரு பலகையில் ஆறு முனை நட்சத்திரம். இரண்டு கோடுகளுக்கு நடுவே குறுகலான பாதை. உங்கள் கையை நீங்கள் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு, எதிரே நிமிர்ந்த கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு பாதைக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். பக்கத்தில் தோழி கடிகாரத்தோடு உட்கார்ந்து நேரத்தையும் கோட்டைத் தொட்ட தவறுகளையும் குறிப்பாள். முதல் முனைவரை போய்விட்டேன். திரும்ப வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. உள்ளே வா என்றால் வெளியே போகிறது, மேலே என்றால் கீழே. சும்மா இருக்கிற ஒரு மூலையில் பென்சில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, எனக்கு வியர்க்கிறது, தோழி சிரிக்கிறாள். முதல் தடவை மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. பத்தாவது தடவை முக்கால் நிமிடம். வியப்பு அதற்கப்புறம்தான்: வலது கையால் பழகிய பிறகு இடது கையைக் கொடுத்தால், ஒருநாளும் பழகாத இடது கையும் முன்னைவிட நன்றாகப் போடுகிறது. கற்றது கையில் மட்டும் தங்கவில்லை. 'கற்றலின் இடமாற்றம்' என்று ஒன்றரை வருடம் மனப்பாடம் செய்த வரி அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதனால் எந்த ஊர் என்பதைவிட எந்தத் துறை என்று பார்க்கச் சொல்கிறேன். சேர்வதற்கு முன் ஒருநாள் கல்லூரிக்குப் போங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பீரோ பூட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். உளவியலில் முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களே உளவியல் படித்தவர்களா, அதே கல்லூரியில் முதுநிலை இருக்கிறதா என்று கேளுங்கள். முதுநிலை இருக்கிற துறையில் கருவிகளும் ஆசிரியர்களும் இருந்தே ஆக வேண்டும். நேற்று தொடங்கி, இரண்டு பேரை வைத்து, 'இப்போ சைக்காலஜிக்குத்தான் டிமாண்ட்' என்று போஸ்டர் அடிக்கிற கல்லூரி சேலத்தில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் அதே பச்சைப் பீரோதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பழைய துறைகளுக்கு ஒரு நிம்மதி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943-இலிருந்து இருக்கிறது. இளநிலைக்கு சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, கோவையில் அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்றவை. இவற்றில் அரசுக் கல்லூரிகள் இரண்டுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். ஐந்து கல்லூரிகளுக்குச் சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். "7.5 சதவீதம் இதுக்கு உண்டா?" என்று மாமா கேட்டார். இல்லை, அது மருத்துவம், பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு. கலைக் கல்லூரிக்குக் கிடையாது.

சரி, குறை என்ன? இடம் குறைவு, போட்டி அதிகம். 468 என்பது நல்ல மார்க்குதான், ஆனால் கோவைக் கல்லூரிக்குக் கோவையே விண்ணப்பிக்கிறது. அப்புறம் தூரம். தர்மபுரியிலிருந்து கோவை ஐந்து மணி நேரம், தீபாவளிக்கும் மாங்காய் சீசனுக்கும் மட்டும்தான் வீடு. அக்கா இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் பெண்ணை விடுதிக்கு அனுப்புவதற்கும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கும் நடுவே ஒரு வருட இடைவெளிதான் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அக்கா வீடு அப்படி இல்லை என்றாலும் கேட்கிற உறவுகள் அப்படித்தான். இந்த விஷயத்தில் விடுதி என்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. வீட்டிலேயே இருந்து படித்திருந்தால் எனக்கு இருபதில் கல்யாணம் முடிந்திருக்கும்.

தபால் வழியைப் பற்றி ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதவு மூடிவிட்டது. வீட்டிலிருந்தபடியே பி.ஏ., பி.எஸ்ஸி. உளவியல் படிக்கலாம், எந்தப் பட்டமும் போதும், எம்.ஏ. உளவியல் தொலைதூரத்தில் சேரலாம் என்பது எங்கள் மாவட்டப் பெண்களுக்கு எத்தனையோ வருடம் இருந்த வசதி. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு படித்தவர்களை எனக்குத் தெரியும். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021-இல் வந்த சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளரும் வருவதால் இந்த முடிவு. எனக்கு இதில் இரண்டு மனம். ஆய்வகம் பார்க்காமல் உளவியல் பட்டம் வாங்கக் கூடாது என்று மேலே எழுதியவளே நான். ஆனால் பென்னாகரத்திலிருந்து சேலம் வரமுடியாத ஒரு பெண்ணுக்கு ஆய்வகத்தைக் கொண்டுவராமல் தபாலை மட்டும் நிறுத்தியது எனக்கு உறுத்துகிறது. எப்படியோ, இன்றைக்கு யாராவது 'தபாலில் சைக்காலஜி சேர்த்துவிடுகிறேன்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் மனோதத்துவ டிப்ளமோ கொடுத்து 'கவுன்சலர்' என்று கார்டு அடித்துத் தருகிறவர்களுக்கும் அதே பதில்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைத்தான் ஊரில் யாரும் சொல்வதில்லை. உளவியலை இப்போது படிக்காமல் இருப்பது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் ஏதோ ஒரு பட்டம் படித்துவிட்டு, எம்.எஸ்ஸி.க்கு உளவியல் போவது. எந்தப் பட்டம் இருந்தாலும் உளவியல் முதுநிலைக்கு எடுத்துக்கொள்கிற பல்கலைக்கழகங்கள் பல; சில இடங்கள் உளவியல் பட்டமே கேட்கும். செலவில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் மூன்று வருடம் மனதுக்குப் பிடிக்காத பாடத்தில் 60 சதவீதம் வாங்குவது எளிதில்லை, மேலும் முதுநிலையில் புள்ளியியலும் உளச்சோதனையும் திடீரென்று தலையில் இறங்கும். எங்கள் எச்.ஆர். பிரிவில் பி.காம். முடித்து எம்.எஸ்ஸி. உளவியல் போன ஒரு பெண் இருக்கிறாள். புள்ளியியலில் வருகிற திட்ட விலக்கமும் ஒட்டுறவும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, நரம்பு மண்டலப் பாடத்தில் மட்டும் முதல் செமஸ்டரில் அரியர்.

சமூகப் பணியையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையம் என்று ஆற்றுப்படுத்துநர் வேலைக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் 'உளவியல் அல்லது சமூகப் பணி' என்றுதான் பெரும்பாலும் போடுகிறார்கள். (ஆற்றுப்படுத்துநர் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பரிசு பெற்று வருகிற பாணன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி, எங்களுக்குப் பாணர்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.) ஒப்பந்த வேலை, குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாதம் 18,536 ரூபாய் தொகுப்பூதியம் என்கிற கணக்கு. சமூகப் பணி முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தால் மருத்துவமனைப் பக்கமும் போகலாம். மக்களோடு புழங்கப் பிடித்தவர்களுக்கு, சோதனை, புள்ளியியல் என்றால் அலுப்பு என்பவர்களுக்கு, சமூகப் பணிதான் சரி என்பது என் எண்ணம். அறிவியல் பிரிவில் படித்திருந்தால் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து மனநல நர்சிங் போவதும் உண்டு. வேலைக்கு அதுதான் உறுதியானது. காமர்ஸ் பெண்ணுக்கு அந்தப் பேச்சு இல்லை.

அக்கா மகளிடம் நேராகக் கேட்டேன்: "உனக்கு இந்தப் படிப்பில் என்ன பிடித்தது?" யோசித்துவிட்டு, வகுப்பில் ஒரு பெண் தேர்வு நேரமெல்லாம் மயங்கி விழுவாள் என்றும், வீட்டில் சாமி வந்ததாகச் சொல்லிப் பம்பை அடித்து விபூதி போட்டார்கள் என்றும், அந்தப் பெண் கணக்குத் தேர்வுக்கு மட்டும்தான் விழுவாள் என்பதைத் தான் ஒருத்திதான் கவனித்ததாகவும் சொன்னாள். தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். ஐந்து தேர்வு, ஐந்து மயக்கம். இதைக் கேட்ட பிறகு சமூகப் பணியைப் பற்றி நான் அவளிடம் பேசவில்லை. எண்ணுகிற பிள்ளை. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை.

மொழியைப் பற்றி மட்டும் பயந்தாள். பாடம் ஆங்கிலத்தில், அதிலும் மூளையின் பாகங்களின் பெயர்கள் எல்லாம் நாக்கில் ஒட்டாது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் எனக்குப் புரிந்த தமிழ் என்று எழுதிக்கொண்டே படித்தேன். இரண்டாவது செமஸ்டருக்குள் பயம் போய்விட்டது. மறுபக்கம், எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இருக்கிற ஒன்று சென்னைப் பிள்ளைகளிடம் இல்லை. ராயக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, தளிப் பக்கம் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்தவர்கள் இங்கே சாதாரணம். எங்கள் தொழிற்சாலை விடுதியில் ஒரு பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று கூப்பிட்டபோது, ஒரு வெளியூர் ஆலோசகர் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசியும் வாயைத் திறக்காதவள், சமையல்கார அம்மா தெலுங்கில் "ஏமய்யிந்தம்மா" என்று கேட்டதும் அழுதுவிட்டாள். அந்தச் சமையல்கார அம்மாவுக்குப் பட்டம் இல்லை. பட்டத்தோடு அந்தத் தெலுங்கும் இருக்கிற ஒருவர் கிடைத்தால் எங்கள் நிர்வாகம் நாளைக்கே வேலை கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போய் மூன்று பேரையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். தக்காளி விலையை நம்பிப் போடுகிற கணக்கு என்பதால் மாமா குறைந்த விலையையே எழுதச் சொன்னார். பெங்களூரு மூன்று வருடத்துக்கு ஆகிற தொகையில், கோவை அரசுக் கல்லூரியும் விடுதியும் முடித்து, எம்.எஸ்ஸி. இரண்டு வருடம் பெங்களூரிலேயே படித்தாலும் மிச்சம் இருந்தது. மாமா பேனாவை எடுத்து அந்த மிச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது இவ கல்யாணத்துக்கா?" என்று அக்கா கேட்டாள். "எம்.ஃபில்.லுக்கு" என்றார். அந்தச் சொல்லை அவர் முதல் தடவையாகச் சொன்னார், அதுவும் அதை எடுத்துவிட்ட பிறகு.

விண்ணப்பத்தில் முதலில் கோவை அரசு கலைக் கல்லூரி, அடுத்து மாநிலக் கல்லூரி, இரண்டிலும் உளவியல். மூன்றாவதாக தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். போட்டிருக்கிறோம், முதல் இரண்டும் கிடைக்காவிட்டால் அதைப் படித்துவிட்டு முதுநிலைக்கு மாறுவாள். சேலத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு அடுத்த வாரம் நானும் அவளும் நேரில் போகிறோம். பீரோவைத் திறந்து காட்டினால் அதற்கும் ஒரு விண்ணப்பம் வாங்குவதாக இருக்கிறோம்.